ஹரித்வார் கும்பமேளாவும் காலராவும்

டில்லி, மீரட், சண்டிகர் பக்கங்களில் உத்தியோகம் பார்த்த நம்மவர்களில் ஹரித்வாரைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. ஊரிலிருந்து யார் வந்தாலும் அழைத்துக்கொண்டு போய், ஹர்-கி-பௌரியில் ஸ்நானம் செய்துவைத்து, மாலை ஆரத்தியைக் காட்டி, சொம்பில் கங்கா ஜலம் வாங்கிக் கொடுத்து ரயிலேற்றிவிடுவது ஒரு வழக்கமாகவே இருந்து வந்திருக்கிறது. அந்தப் படித்துறைக்கு வேறொரு சரித்திரமும் உண்டு. யாத்திரை வழிகாட்டிப் புத்தகங்கள் அதைச் சொல்வதில்லை. 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரசுகள் கூடிப் பேசிய சுகாதார மாநாடுகளில் ஹரித்வாரின் பெயர் அடிபட்டது. காரணம் கங்கையல்ல, காலரா.

கும்பமேளாவின் கணக்கு பஞ்சாங்கம் பார்க்கும் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். குரு கும்ப ராசியிலும் சூரியன் மேஷத்திலும் இருக்கும்போது ஹரித்வாரில் பூரண கும்பம். குருபகவான் ராசிச் சக்கரத்தைச் சுற்றிவரச் சுமார் 11.86 ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே வழக்கமாக 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மேளா, எப்போதாவது 11 ஆண்டுகளிலேயே வந்துவிடும். 1927-க்குப் பிறகு 1938-ல் வந்தது. 2010-க்குப் பிறகு 2021-ல் வந்தது. இந்த 2021 என்ற ஆண்டைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருவோம்.

ஹரித்வாரில் காலரா பற்றிய பழைய குறிப்பு 1783-ம் ஆண்டைச் சேர்ந்தது. அந்த ஏப்ரல் மாத மேளாவில் எட்டு நாட்களுக்குள் சுமார் 20,000 பேர் மாண்டதாகக் கம்பெனி காலத்து மருத்துவ நூல்கள் எழுதி வைத்திருக்கின்றன. யாரும் தலையெண்ணிப் பார்த்த கணக்கல்ல இது, மதிப்பீடுதான். ஆனால் அந்தக் குறிப்பிலேயே ஒரு விசித்திரமான செய்தி இருக்கிறது. சில மைல் தொலைவிலிருந்த ஜ்வாலாப்பூருக்கு அந்த நோய் பரவவில்லையாம். படித்துறையில் கொத்துக் கொத்தாகச் சாவு, பக்கத்து ஊரில் ஒன்றுமில்லை. நோய் காற்றில் வருகிறது என்று நம்பிய காலத்தில் இது யாருக்கும் புரியாத புதிராக இருந்திருக்க வேண்டும். காற்றுக்கு ஜ்வாலாப்பூர் எம்மாத்திரம் தூரம்?

உலகம் அறிந்த முதல் பெருங்காலரா 1817-ல் வங்காளத்தின் ஜெஸ்ஸூர் பக்கம் கிளம்பியது. அதே ஆண்டு நவம்பரில், கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபு பிண்டாரிகளை ஒடுக்கப் புந்தேல்கண்டில் திரட்டி வைத்திருந்த பெரும்படையின் பாசறையில் அது புகுந்தது. சிப்பாய்களும் பாசறையைத் தொடர்ந்து வந்த ஏவலாட்களும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். வேறு வழியின்றிப் பாசறையையே பேட்வா நதிக்கரைக்கு மாற்ற வேண்டியிருந்தது. திறந்தவெளியில் ஏராளமான ஜனங்கள், ஒரே தண்ணீர், கழிவுக்கு வழியில்லை என்ற மூன்றும் சேர்ந்துவிட்டால், அங்கே கூடியிருப்பவர்கள் பக்தர்களா பட்டாளத்தாரா என்று அந்தக் கிருமி கேட்பதில்லை. இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. பின்னாளில் பழி முழுவதும் யாத்ரீகர்கள் தலையிலேயே விழுந்தது.

அந்தப் பழி எப்படி வந்தது என்பதற்கு 1865-ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு மக்காவுக்கு ஹஜ் சென்ற சுமார் 90,000 பேரில் 15,000 பேர் காலராவால் இறந்தார்கள் என்பது அன்றைய மதிப்பீடு. மீதிப் பேர் கப்பலேறி எகிப்துக்குத் திரும்ப, அங்கிருந்து மத்தியதரைக் கடல் துறைமுகங்கள் வழியாக நோய் ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. நீராவிக் கப்பல் வந்த பிறகு பயணம் சுருங்கிவிட்டது. நோய்க்கும் அதே வேகம். பயந்துபோன ஐரோப்பிய அரசுகள் 1866 பிப்ரவரியில் கான்ஸ்டாண்டிநோபிளில் சர்வதேச சுகாதார மாநாட்டைக் கூட்டின. காலராவின் பிறப்பிடம் இந்தியா, அதைப் பரப்புவதில் மிகப் பலமான காரணம் அங்குள்ள மேளாக்களும் யாத்திரைகளும் என்று மாநாடு முடிவு கட்டியது. பிரிட்டிஷ் இந்திய அரசாங்கத்துக்கு இது தர்மசங்கடம். மறு ஆண்டே ஹரித்வாரில் கும்பமேளா!

ஆகவே 1867 மேளாவுக்கு நடந்த ஏற்பாடுகளை அரசுப் பணியில் இருந்தவன் என்ற முறையில் நான் மரியாதையோடுதான் படித்தேன். ஆற்றின் இரு கரைகளிலுமாகச் சுமார் 22 சதுர மைல் பரப்பில் முகாம். அதைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் போலீஸும் துப்புரவு ஆட்களும் நியமித்தார்கள். மலஜலம் கழிக்க அகழிபோல நீண்ட குழிகள் வெட்டி, அவ்வப்போது மண்ணைப் போட்டு மூடினார்கள். மருத்துவமனைகள் அமைத்தார்கள். கழிவு கங்கையில் கலக்கக் கூடாது என்று உத்தரவே இருந்தது. அதுவரை இந்தியாவில் எந்த மேளாவுக்கும் இவ்வளவு முன்யோசனையுடன் சுகாதார ஏற்பாடு நடந்ததில்லை. சிவில் சர்ஜன் கட்கிளிஃப் போன்றவர்கள் இரவுபகலாக உழைத்திருக்கிறார்கள். ஹரித்வாருக்கு அப்போது ரயில் கிடையாது. நடந்தும், மாட்டு வண்டியிலும், ஒட்டகத்திலும் வந்து சேர்ந்த ஜனங்கள் சுமார் 30 லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள்.

ஏப்ரல் முதல் வாரம் முழுவதும் முகாம் ஆரோக்கியமாகவே இருந்தது. அதிகாரிகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். முக்கிய ஸ்நானம் ஏப்ரல் 12, மேஷ சங்கராந்தி. (நமக்குச் சித்திரை வருஷப் பிறப்பு. அந்த நாளில் அது 12-ல் வந்தது, இப்போது 14-க்கு நகர்ந்துவிட்டது என்பதைக் கவனிக்கவும்.) 11-ம் தேதி இரவு இடியும் மின்னலுமாகப் பெருமழை. லட்சக்கணக்கானவர்கள் தலைக்கு மேல் கூரையின்றி நனைந்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். மழைநீர் 22 சதுர மைலையும் கழுவிக்கொண்டு எங்கே போயிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மண் போட்டு மூடிய குழிகளிலிருந்ததும் தரையில் கிடந்ததும் ஆற்றை நோக்கி ஓடியிருக்கும்.

மறுநாள் ஸ்நானம். கூட்டத்தில் யாரும் வெள்ளத்தோடு போய்விடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், பிரதான படித்துறையில் ஆற்றின் ஓரமாக வேலி கட்டி ஓர் இடத்தைத் தடுத்திருந்தார்கள். நீளம் 650 அடி, அகலம் 30 அடி. பெருக்கிப் பாருங்கள், 19,500 சதுர அடி. அரை ஏக்கருக்கும் குறைவு! விடியற்காலையிலிருந்து அஸ்தமனம் வரை ஜனங்கள் அந்த இடத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இறங்கி ஏறினார்கள். அஸ்தி கரைத்ததும் துணி அலசியதும் மேனி கழுவியதும் சேர்ந்து, அந்த அடைப்புக்குள் தண்ணீர் நாள் முழுக்கக் கலங்கலாகவே இருந்தது என்று மருத்துவ அதிகாரிகள் எழுதியிருக்கிறார்கள். மூன்று முறை முழுக்குப் போட்டுவிட்டு ஒவ்வொருவரும் அந்த ஜலத்தைக் கையில் ஏந்தி அருந்தினார்கள். ஸ்நான விதியில் அதை யாரும் விட்டுவிடுவதில்லை. நாமும்தான் விடுவதில்லை.

13-ம் தேதி முகாம் மருத்துவமனைக்குக் காலரா நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். 15-ம் தேதிக்குள் முகாம் காலியாகிவிட்டது.

இந்த இரண்டு நாள் கணக்கில்தான் முழுக் கதையும் இருக்கிறது. காலராக் கிருமி உள்ளே போனால் சில மணி நேரம் முதல் ஐந்து நாட்களுக்குள் நோய் தலைகாட்டும். பலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே கிருமி மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். 12-ம் தேதி ஸ்நானம் செய்தவர் 13-ம் தேதி மூட்டை கட்டிக்கொண்டு புறப்படுகிறார். 14-ம் தேதி வழியில் ஒரு கிணற்றடியில் வாந்திபேதி. 15-ம் தேதி அந்தக் கிராமத்துக்கு நோய். மேளா முடிந்த மைதானத்தில் சாவு குறைவாகத்தான் இருக்கும்; சாவெல்லாம் வீட்டுக்குப் போகிற வழியில். பிற்கால வரலாற்றாசிரியர்கள் எடுத்தாளும் மதிப்பீட்டின்படி அந்த யாத்ரீகர்களில் சுமார் இரண்டரை லட்சம் பேருக்கு நோய் கண்டது, அதில் பாதிப்பேர் இறந்தார்கள். அவர்களிடமிருந்து தொற்றி இறந்தவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஜான் மர்ரே என்ற மூத்த ராணுவ மருத்துவ அதிகாரி இந்தப் பரவலை ஊர் ஊராக, தேதி தேதியாகத் தொடர்ந்து பார்த்து அறிக்கை எழுதினார். சஹாரன்பூர், மீரட், அம்பாலா, பஞ்சாப் என்று யாத்ரீகர்களின் கால்நடை வேகத்திலேயே காலராவும் நடந்துபோய், மே மாதம் பெஷாவர் பட்டாளத்தைப் பிடித்தது. அங்கிருந்து காபூல் பக்கமும் போயிற்று. சில ராணுவக் குடியிருப்புகளில் யாத்ரீகர்களை உள்ளே விடாமல் சுற்றுப் பாதையில் விரட்டினார்கள். களைத்துப்போய் வந்தவர்களுக்குத் தண்ணீரும் நிழலும் இல்லாத சுற்றுப் பாதை அது.

இந்த இடத்தில் ஒன்று தோன்றுகிறது. ஹரித்வார் பண்டாக்களிடம் 'வஹி' என்னும் நீண்ட பேரேடுகள் உண்டு. எந்த ஊர், எந்தக் குலம், பாட்டனார் யார், எப்போது வந்தார், யாருடைய அஸ்தியைக் கொண்டுவந்தார் என்று தலைமுறை தலைமுறையாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். இன்றும் போய்க் கேட்டால் தேடி எடுத்துக் காட்டுவார்கள். மேளாவுக்கு வந்தவர்கள் எந்தெந்த ஊருக்குத் திரும்பிப் போனார்கள் என்ற தகவல் சர்க்காரிடம் இல்லை, பண்டாக்களிடம் இருந்தது. தொற்றைத் துரத்திப் பிடிக்க வேண்டிய மர்ரே போன்றவர்களுக்குப் பொக்கிஷமாக இருந்திருக்கக்கூடிய ஏடுகள் அவை.

அறிக்கை வந்ததும் அரசாங்கத்துக்குள் வழக்காடல் தொடங்கியது. யாத்திரைகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது மர்ரே கட்சி. யாத்ரீகர்கள் மீது வரி போடலாமா என்றுகூட மாகாண அதிகாரிகளிடம் கருத்துக் கேட்டார்கள். 1857 கலகம் நடந்து பத்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. மத விஷயத்தில் கைவைத்தால் என்ன ஆகும் என்று பெரும்பாலான அதிகாரிகள் எச்சரித்தார்கள். யோசனை கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. இதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். தடை போட்டிருந்தால் மக்கள் வராமல் இருந்திருக்கப் போவதில்லை. ஆனால் இன்னொரு கட்சியின் பிடிவாதம்தான் மன்னிக்க முடியாதது. இந்திய அரசின் சுகாதாரக் கமிஷனராக நெடுங்காலம் இருந்த ஜே. எம். கன்னிங்ஹாம், காலரா ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுவதே இல்லை, நிலமும் காற்றும் பருவமும்தான் காரணம் என்று கடைசிவரை சாதித்தார். லண்டனில் ஜான் ஸ்னோ 1854-லேயே பிராட் தெருக் குழாயை வைத்துத் தண்ணீர்தான் காரணம் என்று காட்டிவிட்டார். அதே 1854-ல் இத்தாலியில் பச்சீனி நுண்ணோக்கியில் கிருமியையே பார்த்துவிட்டார். 1883 டிசம்பரில் ராபர்ட் காக் கல்கத்தாவுக்கு வந்து, 1884 தொடக்கத்தில் நோயாளிகளிடமும் ஒரு குளத்து நீரிலும் அதே காற்புள்ளி வடிவக் கிருமியைக் கண்டு அறிவித்தபோதும் இங்குள்ள மேலதிகாரிகள் ஒப்புக்கொள்ளவில்லை. காலரா தொற்றுநோய் என்று ஒப்புக்கொண்டால் பிரிட்டிஷ் கப்பல்களைத் துறைமுகத்தில் நிறுத்தி வைப்பார்கள், வியாபாரம் கெடும் என்ற கவலையும் அதற்குப் பின்னால் இருந்தது.

1867 ஏற்பாடுகளின் குறை என்ன என்பது இப்போது விளங்கும். அவை துர்நாற்றத்துக்கு எதிரான ஏற்பாடுகள். நாற்றம்தான் நோய் என்று நினைத்ததால், குழி வெட்டி மண் போட்டு நாற்றத்தை ஒழித்தார்கள், அதைச் செம்மையாகவும் செய்தார்கள். குடிக்கிற தண்ணீரை மட்டும் யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. உயிரைக் காக்கக் கட்டிய வேலியே தண்ணீரைத் தேக்கியது.

1886-ல் ஹரித்வாருக்கு ரயில் வந்தது. மீரட்டுக்கு நடந்து போக நாட்கணக்கில் ஆன காலம் போய், நோயாளி அறிகுறி தெரிவதற்குள் லாகூர் போய்ச் சேரும் காலம் வந்துவிட்டது. 1892 மார்ச்சில் மஹாவாருணி பர்வம் வந்தது. தேய்பிறைத் திரயோதசியும் சதய நக்ஷத்திரமும் சனிக்கிழமையும் கூடும் அபூர்வ யோகம். காலரா தென்பட்டதும் அரசாங்கம் இம்முறை துணிந்து மேளாவையே கலைத்தது. ரயில் டிக்கெட் விற்பனை நிறுத்தப்பட்டது. கூடியிருந்த சுமார் இரண்டு லட்சம் பேரைப் போலீஸ் அப்புறப்படுத்தியது. இந்தியப் பத்திரிகைகளில் கடும் கண்டனம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், நோய் நின்றிருந்தால். கலைக்கப்பட்டவர்கள் எங்கே போவார்கள்? வீட்டுக்குத்தான். பஞ்சாப், காஷ்மீர், ஆப்கானிஸ்தானம், பாரசீகம், காஸ்பியன் கடல், ருஷ்யா என்று அந்த ஆண்டு காலரா போன தடத்தின் தொடக்கம் ஹரித்வார்தான் என்று அன்றைய மருத்துவர்கள் பலர் எழுதினார்கள். ஆகஸ்டில் அது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தைத் தாக்கியது.

ஹாம்பர்க்கில் சில வாரங்களில் சுமார் 8,600 பேர் இறந்தார்கள். அங்கே கும்பமேளாவும் இல்லை, ஸ்நானமும் இல்லை. எல்ப் ஆற்று நீரை வடிகட்டாமல் குழாயில் விட்டுக்கொண்டிருந்த பணக்கார வியாபார நகரம் அது. அதை ஒட்டியே இருந்த ஆல்டோனா நகராட்சி அதே ஆற்று நீரை, இன்னும் அசுத்தமான கீழ்ப்பகுதியிலிருந்து எடுத்தும், மணல் படுகையில் வடிகட்டிக் கொடுத்தது. ஆல்டோனா பெரும்பாலும் தப்பியது. ஒரே தெருவில் இந்தப் பக்கம் ஹாம்பர்க் குழாய், அந்தப் பக்கம் ஆல்டோனா குழாய். இந்தப் பக்கம் சாவு, அந்தப் பக்கம் இல்லை. 'பிறப்பிடம் இந்தியா' என்று 1866-ல் தீர்மானம் போட்டவர்கள் தங்கள் குழாயையும் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

இனி, பல வாசகர்கள் மனத்தில் எழும் கேள்வி. கங்கா ஜலம் கெடுவதில்லையே, ஊருக்குக் கொண்டுபோய்ச் சமாராதனை செய்யும் வரை சொம்பில் அப்படியே இருக்கிறதே, அதில் கிருமி எப்படி வாழும்? ரசாயனம் படித்தவன் என்பதால் என்னிடம் இதைப் பலர் கேட்டதுண்டு. ஆக்ராவில் அரசாங்க ரசாயனப் பரிசோதகராக இருந்த ஹாங்கின் என்ற ஆங்கிலேயர் இதையே சோதித்துப் பார்த்து, 1896-ல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தின் இதழில் எழுதினார். கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமியை விட்டால் மூன்று மணி நேரத்துக்குள் மடிந்துவிடுகிறது. அதே நீரைக் காய்ச்சிவிட்டால் அந்தச் சக்தி போய்விடுகிறது. அது ஏன் என்பதற்கு 1917-ல் டெரெல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி பெயர் சூட்டிய 'பாக்டீரியோஃபேஜ்' விடையாக இருக்கலாம். கிருமியைத் தின்னும் வைரஸ் அது. கங்கை பற்றிய பழைய நம்பிக்கைக்குப் பின்னே ஒரு விஷயம் இருக்கிறது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் மூன்று மணி நேரம் என்பதைக் கவனியுங்கள். வேலிக்குள் எனக்கு முன்னால் முழுக்குப் போட்டவருக்கும் நான் ஆசமனம் செய்வதற்கும் இடையே மூன்று நிமிஷம்கூட இல்லை. பாய்கிற ஆற்றுக்கு இருக்கும் சக்தியைக் கட்டிவைத்த குட்டையிடம் எதிர்பார்க்க முடியாது.

அந்த ஹாங்கினே இன்னொரு எளிய காரியமும் செய்தார். கிணறுகளில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்துக் கிருமியை ஒழிக்கும் முறையை இங்கே பரப்பினார். தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். அந்த நிறம் மறைந்து பழைய நிறம் வந்ததும் குடிக்கலாம். படிக்காத கிராமத்தாருக்கும் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய முறை. 1893-ல் ஹாஃப்கின் என்ற ருஷ்ய யூத விஞ்ஞானி காலராத் தடுப்பூசியுடன் இந்தியா வந்து, இரண்டே ஆண்டுகளில் வட இந்தியாவில் 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டார்.

1915 கும்பமேளாவில் நமக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து சில மாதங்களுக்கு முன்புதான் திரும்பியிருந்த காந்திஜி. சேவா சமிதித் தொண்டர்களுக்கு உதவ அவருடைய ஃபீனிக்ஸ் ஆசிரமத்துக் குழு வந்திருந்தது. கழிப்பிடக் குழிகளில் மலத்தின் மேல் மண் போட்டு மூடும் வேலையைத் தாங்களே செய்வதாக அவர்கள் முன்வந்ததை அவர் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். சஹாரன்பூரிலிருந்து கூரையில்லாத சரக்கு வண்டியில், உச்சி வெயிலில், கொதிக்கும் இரும்புத் தளத்தில் ஜனங்களை ஏற்றி வந்ததையும் எழுதியிருக்கிறார். அவ்வளவு தாகத்திலும், கொடுப்பவர் முஸ்லிம் என்று தெரிந்தால் தண்ணீர் வாங்க மறுத்தவர்களையும் குறிப்பிட்டிருக்கிறார். தண்ணீரில் எது தீட்டு என்று நாம் பார்த்த பார்வையும் இந்தச் சரித்திரத்தில் சேர்ந்ததுதான். யார் தொட்ட தண்ணீர் என்று பார்த்தோமே ஒழிய, எதில் கலந்த தண்ணீர் என்று பார்க்கவில்லை.

பிறகு நடந்தவையெல்லாம் ஆரவாரமில்லாத வேலைகள். குழாய்த் தண்ணீர், குளோரின், ப்ளீச்சிங் பவுடர், ஈயை ஒழிப்பது, மேளா மைதானத்தில் தனி மருத்துவமனை. 1945 அர்த்த கும்பத்தில் காலரா ஊசி கட்டாயமாக்கப்பட்டது. எங்கள் தலைமுறையினருக்கு அந்த ஊசி நன்றாக நினைவிருக்கும். பள்ளிக்கூட வராந்தாவில் வரிசையாக நிற்க வைத்து, ஒரே ஊசியைச் சுடுநீரில் முக்கி முக்கிக் குத்துவார்கள். இரண்டு நாள் கை தூக்க முடியாது, ஜுரம் வேறு. அந்தப் பழைய ஊசியின் பலன் அரைகுறை, அதுவும் சில மாதங்களுக்குத்தான் என்று பின்னால் தெரியவந்தது. சர்வதேசப் பயணிகளுக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1973-ல் சொல்லிவிட்டது. ஆக, ஹரித்வாரைக் காப்பாற்றியதில் ஊசிக்குப் பங்கு உண்டு, ஆனால் குழாய்க்குத்தான் பெரிய பங்கு என்பது என் அபிப்பிராயம். நோய் கண்டவரைப் பிழைக்க வைத்த பெருமை வேறொரு கூட்டத்தில் கிடைத்தது. 1971-ல் பங்களாதேஷ் அகதிகள் வந்து குவிந்த பன்காவ் முகாமில், டாக்டர் திலீப் மஹலாநபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். அங்கே இறப்பு விகிதம் நூற்றுக்கு 30 என்ற அளவிலிருந்து 4-க்கும் கீழே இறங்கியது.

பிரயாகையில் 2013 கும்பமேளாவின்போது ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு வந்து, மேளா மருத்துவமனைகளின் புறநோயாளிக் குறிப்புகளை அன்றன்று கையடக்கக் கணினியில் ஏற்றி, எங்காவது வயிற்றுப்போக்கு திடீரென்று கூடுகிறதா என்று கவனித்தது. கோடிக்கணக்கானவர்கள் வந்துபோன அந்த மேளாவில் பெரிய கொள்ளைநோய் எதுவும் கிளம்பவில்லை. 2025-ல் அதே பிரயாகையில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கு இரண்டு அறிக்கைகள் கொடுத்தது. முதலாவதில், மலக் கிருமிகளின் அளவு பல நாட்களில் குளிப்பதற்கான வரம்பை மீறியதாகச் சொன்னது. 100 மில்லிலிட்டருக்கு 2,500 என்பது அந்த வரம்பு. சில வாரங்களில் வந்த இரண்டாவது அறிக்கை, புள்ளிவிவரங்களைச் சேர்த்து ஆராய்ந்ததில் நீர் குளிக்க ஏற்றதாகவே இருந்தது என்றது. இரண்டையும் படித்த பழைய அதிகாரி என்ற முறையில் எனக்கு மூலப் புள்ளிவிவரங்கள்மீதுதான் அதிக நம்பிக்கை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஏற்ற இறக்கமுள்ள அளவுகளின் நடுமதிப்பை யாரும் குடிப்பதில்லை. அன்றைக்கு அங்கே இருக்கிற தண்ணீரைத்தான் குடிக்கிறோம்.

மறுபடியும் ஹரித்வார், 2021. குழாயும் குளோரினும் கழிப்பறையும் எல்லாம் இருந்தன. ஆனால் இம்முறை வந்த நோய் தண்ணீரில் வருவதல்ல, மூச்சுக்காற்றில் வருவது. 150 ஆண்டுகளாகக் கட்டிய அரண் முழுவதும் வேறு திசையைப் பார்த்து நின்றது. ஏப்ரல் 12-ம் தேதி அமாவாசை ஸ்நானத்துக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்ததாக அதிகாரிகள் அறிவித்தார்கள். அதே தேதி, ஏறக்குறைய அதே எண்ணிக்கை! நாட்டில் கோவிட் இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்தது. 17-ம் தேதி பிரதமர், மேளாவை இனி அடையாள அளவில் நடத்துமாறு கேட்டுக்கொண்டார். பெரிய அகாடாவான ஜூனா அகாடா தன் பங்கை முடித்துக்கொண்டது. மேளாவில் செய்ததாகச் சொல்லப்பட்ட பரிசோதனைகளில் ஏராளமானவை போலி என்ற புகாரும் பிறகு விசாரணைக்கு வந்தது. ஏப்ரல் கடைசி வரை மொத்தம் சுமார் 91 லட்சம் பேர் வந்துபோனதாகக் கணக்கு. அவர்களில் எத்தனை பேர் எந்த ஊருக்கு என்ன கொண்டுபோனார்கள் என்று மர்ரேயைப் போல உட்கார்ந்து எழுதிய அறிக்கை எதுவும் என் கண்ணில் படவில்லை.

அந்த ஏப்ரலில் டில்லி அரசு ஓர் உத்தரவு போட்டது. கும்பமேளாவுக்குப் போய் வந்த டில்லிவாசிகள் தங்கள் பெயர், விலாசம், போன தேதி, திரும்பிய தேதி ஆகியவற்றை அரசின் இணையதளத்தில் பதிந்துவிட்டு, 14 நாட்கள் வீட்டில் தனித்திருக்க வேண்டும் என்று. வேறு சில மாநிலங்களும் திரும்பி வருகிறவர்களுக்குப் பரிசோதனையும் தனிமையும் விதித்தன. யார் வந்தார், எந்த ஊர், எப்போது திரும்பினார். ஹரித்வாரில் பண்டாக்கள் தங்கள் நீண்ட ஏடுகளில் அந்த மாதமும் அதையேதான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.